ஒரு ‘ர்’ விவகாரம்

வௌவாலுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று ஆட்டுக்காரர் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்கும்படியான நிலைமையில் அவரை யாரும் வைத்ததுமில்லை. ஊர் எல்லையில் இருந்த தோப்பை வெட்டிச் சரக்குக் கிடங்கு கட்டினார்கள். கிடங்குக்குச் சாலை போட்டார்கள், சாலைக்கு விளக்குப் போட்டார்கள், விளக்குக்குத் திறப்பு விழாவும் நடத்தினார்கள். தோப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்களுக்கு மட்டும் மாற்று இடம் ஒதுக்க மறந்துபோனார்கள். அவை தாமே இடம் பார்த்துக்கொண்டன. ஆட்டுக்காரர் வீட்டுக் கொல்லையில் நின்ற அத்திமரம் அவற்றுக்குப் பிடித்துவிட்டது.

வௌவால்கள் பழத்தைக் கடித்துப் பாதியைக் கீழே போட்டன. ஆடுகள் மீதியைத் தின்றன. சில காலம் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பிறகு வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழ ஆரம்பித்தன. அடுத்து ஆடுகள் மூக்கொழுகித் தலையைத் தொங்கப்போட்டன. அவற்றுக்கு மூக்கைத் துடைத்து, மடியில் போட்டுக் கஞ்சி புகட்டிய அவர் மனைவி ஒரு நாள் காலை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்காரர் அன்றைக்கே வீடுகளுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா நல்லவர். முழுக் கதையையும் கேட்டார்.

“சாதாரணக் காய்ச்சல்னா என்கிட்ட மருந்து இருக்கு. இது ஆட்டுலேர்ந்து வந்ததா இருந்தா வேற மருந்து. அதுவும் இங்கதான் இருக்கு. அதோ, அந்த அலமாரி.”

அலமாரியில் பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் அரக்கு முத்திரை.

“அதத் திறக்கணும்னா ஒரே நல ஆணையத்துலேர்ந்து உத்தரவு வரணும். ஆடும் ஆளும் ஒரே நோயில படுத்திருக்காங்கன்னு அவங்க ஒரு வரி எழுதித் தந்தாப் போதும்.”

“ஒரு வரிதானே டாக்டரம்மா? இப்பவே போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

“ஒரு வரிதான்” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீங்களே அலமாரிய உடைச்சிடக் கூடாதா?” என்று உடன் வந்திருந்த கொழுந்தியாள் கேட்டாள். போன முறை கேட்காமல் திறந்த டாக்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்னும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. கொழுந்தியாள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டுக்காரர் ஓடினார்.

ஒரே நல ஆணையம் புத்தம் புதிய கட்டடத்தில் இருந்தது. வாசல் சுவரில் ஒரு மனிதனும் ஒரு மாடும் ஒரு மரமும் கைகோத்து நிற்கும் பெரிய ஓவியம். மரத்துக்குக் கை வரைந்திருந்தார்கள், மாட்டுக்கும் வரைந்திருந்தார்கள். மூன்றும் சிரித்தன. கீழே, ‘மூன்றும் ஒன்றே, நலமும் ஒன்றே’ என்று எழுதியிருந்தது. உள்ளே போனால் கூடத்தைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்திருந்தார்கள். மக்கள் வாயில் அந்தத் துறைகளின் முழுப்பெயர் நுழையாததால் மனிதத் துறை, மாட்டுத் துறை, மரத் துறை என்றே சொல்லிக்கொண்டார்கள். குளிர்சாதனம் மனிதத் துறையில் இருந்தது. அதை இயக்கும் ரிமோட் மாட்டுத் துறையிடம் இருந்தது. மரத் துறையிடம் ஒரு மேசை விசிறி இருந்தது, ஓடவில்லை.

வரவேற்பில் இருந்த அம்மாள் இரண்டு நிறத்தில் தாள் வைத்திருந்தார்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“மொதல்ல கறுப்பிக்குத்தான் வந்துச்சு. அவ எதுவுமே சாப்பிடலம்மா. மூலையில போய் நின்னுக்கிட்டு என்னையே பாத்தா. மனசு கேக்கல.”

அம்மாள் மனிதத் துறைத் தாளில் ‘கறுப்பி, பெண்’ என்று எழுதினார்.

“அப்புறம்?”

“அப்புறம் நம்ம வீட்டுல. அது பாவம், எந்நேரமும் கொட்டகையிலயே கெடக்கும். ராத்திரி பூரா முனகுச்சு. இப்ப தலையத் தூக்க மாட்டேங்குது.”

அம்மாள் மாட்டுத் துறைத் தாளை எடுத்தார். ‘வீட்டில் வளர்ப்பது, ஒன்று’ என்று எழுதினார். ஆட்டைச் செல்லமாக அவள் என்பதும், கட்டிய மனைவியை அது என்பதும், அவளையே ‘நம்ம வீட்டுல’ என்பதும் ஆட்டுக்காரர் பிறந்ததிலிருந்து பேசிவரும் பேச்சு. அதில் ஒரு குழப்பம் இருக்கிறது என்று அதுவரை எந்த ஆடும் சொன்னதில்லை, அவர் மனைவியும் சொன்னதில்லை.

மாட்டுத் துறை அதிகாரி அவரை உட்காரச் சொல்லி விவரம் கேட்டார்.

“எத்தனை ஈத்து?”

ஆட்டுக்காரருக்குக் கேள்வி கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. அதிகாரிகள் பாஷை அப்படித்தான் இருக்கும் என்று அடக்கிக்கொண்டார். “ஒரே பொண்ணு சார். வெளியூர்ல கட்டிக்கொடுத்தாச்சு.”

“குட்டியக் கட்டிக் கொடுத்துட்டீங்களா? நல்ல விலையா?”

“சார்?”

“சரி விடுங்க. கொம்பு இருக்கா?”

“வாய் மட்டும்தான் சார் கொஞ்சம் நீளம்” என்றார் ஆட்டுக்காரர்.

இதற்குள் மனிதத் துறை ஆம்புலன்ஸ் ஒன்று சங்கு ஊதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கறுப்பி என்ற பெண்ணைக் கேட்டு, கொட்டகையில் கண்டுபிடித்து, மூக்கில் பிராணவாயுக் குழாயையும் மாட்டிவிட்டிருந்தது. தவறு தெரிந்ததும் குழாயைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கறுப்பிக்கு அந்தக் கொஞ்ச நேரம் சுகமாக இருந்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

இவ்வளவு ஆனபின் விவகாரம் கூட்டுக் குழுவுக்குப் போயிற்று. குழு அறையில் வட்ட மேசை போட்டிருந்தார்கள். மூன்று துறைக்கும் சம மரியாதை, தலைமை இடம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது கொள்கை. அதனால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஆணையத் தலைவர் நின்றுகொண்டே தலைமை தாங்கினார்.

“பயனாளி தெரிஞ்சுக்கணும்” என்று ஆரம்பித்தார் அவர். “முன்னாடி நாங்க மூணு பேரும் மூணு மூலையில இருந்தோம். ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிக்கறதே இல்ல. மூணு நோய்க்கு மூணு வாக்கியம் எழுதுவோம். நோய் ஒண்ணுதான்னு பின்னாடி தெரியும், அதுக்குள்ள ஊரே படுத்துடும். இப்ப அப்படியில்ல. ஒரே கட்டடம், ஒரே குழு, ஒரே வாக்கியம். ஒருத்தர் எழுதினத மத்த ரெண்டு பேரும் திருத்தறாங்க. ஆணையம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு தப்பான வாக்கியம்கூட வெளிய போனதில்லங்கறதப் பெருமையோட சொல்லிக்கிறேன்.”

“மொத்தம் எத்தனை வாக்கியம் சார் போயிருக்கு?”

“உங்களுதுதான் முதல்ல போகப்போகுது” என்றார் தலைவர் வாஞ்சையுடன்.

வாக்கியம் வேகமாகவே வளர்ந்தது. ‘வௌவால்களும் ஆடுகளும் ஆட்டுக்காரரின் மனைவியும் ஒரே நோயால்’ என்பதுவரை ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்று துறையும் இவ்வளவு தூரம் சேர்ந்து வந்தது இதுவே முதல் முறை என்பதால் எல்லாரும் எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டுக்காரரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவருக்கு நம்பிக்கை வந்தது. கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

“வரி வந்துடுச்சும்மா. முடியப்போகுது.”

“சீக்கிரம் மாமா. அக்கா வாயில தண்ணி எறங்க மாட்டேங்குது.”

முடிக்கும் சொல்லில்தான் வந்தது வினை. குழுவுக்குக் குறிப்பு எழுதுபவர் ‘பாதிக்கப்பட்டன’ என்று எழுதியதும் மனிதத் துறை அதிகாரி கையைத் தூக்கினார்.

“பட்டனவா? நடுவுல ஒரு பெண்மணி இருக்காங்க. அவங்கள ஆட்டோட சேத்துப் ‘பட்டன’ன்னு எழுதினா மனுஷ மாண்பு என்ன ஆகறது? பாதிக்கப்பட்டனர். ‘ர்’ போடுங்க.”

அந்தப் பெண்மணிக்கு இப்போது காய்ச்சல் எவ்வளவு என்று அவர் அதுவரை கேட்கவில்லை.

“எங்க ஆடுங்களுக்கு என்னத்துக்கு ‘ர்’ போட்டு எழுதணும்?” என்றார் மாட்டுத் துறை. “ஆடு கொட்டகை நெறைய இருக்கு, மனைவி ஒருத்தர்தான். பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“மொதல்ல செத்தது வௌவால்” என்றார் மரத் துறை. அவர் சொன்னது எழுதிக்கொள்ளப்படவில்லை.

ஆணையத்தில் இதற்கென்றே ஒரு மொழி ஆலோசகர் இருந்தார். எல்லாரும் அவரைப் புலவர் என்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். உயர்திணையும் அஃறிணையும் கலந்து வந்தால் சிறப்பு பார்த்தும் முடிக்கலாம், மிகுதி பார்த்தும் முடிக்கலாம், இழிவு பார்த்தும் முடிக்கலாம், மூன்றுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது என்றார். ஆட்டுக்காரருக்கு உயிர் வந்தது. மூன்று வழி இருந்தால் ஏதாவது ஒன்றில் போகலாமே என்று நினைத்தார். மூன்று துறைக்கு மூன்று வழி கிடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

“சிறப்புன்னா நாங்கதான்” என்றார் மனிதத் துறை.

“மிகுதின்னா நாங்க” என்றார் மாட்டுத் துறை.

“இழிவுன்னா எங்களத்தான் சொல்றார்” என்றார் மரத் துறை. “எங்க நிதி ஒதுக்கீட்டப் பாத்தாலே தெரியும்.” அவர் முதல் முறையாகச் சந்தோஷமாகக் காணப்பட்டார். இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை என்றும் சொன்னார்.

ஆட்டுக்காரர் எழுந்து கைகூப்பினார். “ஐயா, எப்படி வேணா போடுங்க. என் பொண்டாட்டிய ஆட்டோட ஆடாவே எழுதிக்குங்க. அது ஒண்ணும் கோவிச்சுக்காது.”

மனிதத் துறை அதிகாரி நெகிழ்ந்துபோனார். “பாருங்க, இந்த நாட்டுல பொம்பளைங்க நெலமைய. கட்டின புருஷனே அஃறிணைங்கறான். நாங்க இருக்கற வரைக்கும் விட மாட்டோம். அப்படிப் போடணும்னா அவங்களே நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்.”

“அது கண்ணே தொறக்கல சார்.”

“கண்ணத் தொறக்க வேண்டாம். வாயத் தொறந்து சொன்னாப் போதும்.”

அப்படியானால் ஆடுகளையாவது உயர்த்திவிடுங்கள் என்றார் ஆட்டுக்காரர். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மாட்டுத் துறைக்கு இது பிடித்தது. ஆடுகளை இந்த ஒரு வாக்கியத்தின் பொருட்டு உயர்திணையாக அறிவிக்கலாம் என்று எழுந்து முன்மொழிந்தார். அப்படி அறிவித்தால் ஆடுகளுக்குக் கட்டில் யார் கொடுப்பது, பார்வையாளர் நேரம் உண்டா, அறுத்தால் அது கொலையாகுமா என்று மனிதத் துறை வரிசையாகக் கேட்டது. கேள்விகளை மதிய உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. மதிய உணவு ஆட்டுக்கறி. பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த தெம்பில் புலவருக்கே ஒரு வழி தோன்றியது. “உண்டு! உண்டுங்கற சொல் எல்லாத் திணைக்கும் பொது. அவன் உண்டு, அவள் உண்டு, ஆடு உண்டு. ‘வௌவால்களும் ஆடுகளும் ஆட்டுக்காரரின் மனைவியும் ஒரே நோயின் பிடியில் உண்டு.’ ‘ர்’ரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

ஆட்டுக்காரர் அவர் காலில் விழப் போனார். தலைவர் தடுத்தார்.

“புலவரே, உண்டுங்கறது எந்தக் காலம்?”

“காலம் காட்டாது.”

“அங்கதான் இடிக்குது. நோயின் பிடியில உண்டுன்னு நாம எழுதினா, எப்பலேர்ந்து உண்டுன்னு மேல கேப்பாங்க. நேத்தே உண்டுன்னா, நேத்து நீங்க என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. நாளைக்கும் உண்டுன்னா, நாளைக்கு என்ன பண்ணப்போறீங்கன்னு கேப்பாங்க. நமக்கு இறந்தகாலம் வேணும். முடிஞ்சுபோனதா இருக்கணும். அதுலதான் யாருக்கும் பொறுப்பில்ல.”

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே ஏறிய சாணே சறுக்கலாக இருந்தது. ஆட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. மேசையை ஓங்கித் தட்டினார்.

“யோவ், மனுஷங்களாய்யா நீங்க? அங்க ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க இங்க உக்காந்து எழுத்துக் கூட்டிக்கிட்டிருக்கீங்களா?”

எழுதுபவர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் கண் காட்டினார். ‘பயனாளி தம் கருத்துகளை உற்சாகத்துடன் பகிர்ந்துகொண்டார்’ என்று குறிப்பில் ஏறியது. கூட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மனைவிக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்கவிட்டார்கள். கொழுந்தியாள் உள்ளே குனிந்து கேட்டு வந்து சொன்னாள்.

“கறுப்பிக்குத் தண்ணி வெச்சீங்களான்னு கேக்கறா மாமா.”

குழாயைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்திலேயே கறுப்பி செத்துப்போயிருந்தது. “வெச்சேன்னு சொல்லும்மா. குடிச்சான்னு சொல்லு” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவியின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கொழுந்தியாளுக்கும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லி வந்தவர், இப்போது அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று அழுதார். டாக்டரம்மா வந்து, “வரி வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துடுச்சு. கடைசி எழுத்துதான் பாக்கி.”

“எந்த எழுத்து?”

“ர்.”

டாக்டரம்மா பூட்டிய அலமாரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் குழு உற்சாகமாகக் கூடியது. ‘ர்’ரைச் சிறிய எழுத்தில் போடலாமா என்று மரத் துறை கேட்டது. வேண்டியவர் படிக்கலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். எவ்வளவு சிறிதாக என்பதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்றார் தலைவர். துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்ற பேச்சு சூடுபிடித்திருந்தபோது ஆட்டுக்காரரின் போன் அடித்தது. கொழுந்தியாள் முதலில் இருமினாள், பிறகு அழுதாள். வார்த்தை எதுவும் வரவில்லை, வரவும் வேண்டியிருக்கவில்லை.

ஆட்டுக்காரர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “முடிஞ்சுபோச்சு சார்” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

தலைவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களும் எழுந்து தலை குனிந்தார்கள். மனிதத் துறை அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். மௌனம் முடிவதற்கு முன்பே புலவரின் கை மெல்ல மேலே போயிற்று.

“மன்னிக்கணும். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. உடல் வந்தது, உடல் கிடந்தது, உடலை எடுத்தார்கள்னுதான் நாம எழுதறோம். உடல் வந்தாள்னு யாரும் எழுதறதில்ல.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சடலம் அஃறிணை.”

ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள். மனிதத் துறை அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “அப்ப எங்க துறைக்கு ஆட்சேபம் இல்ல. எங்க பொறுப்பு உயிரோட இருக்கறவங்களோட முடிஞ்சுது” என்றார். மாட்டுத் துறை அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. மரத் துறையின் கையையும் யாரோ குலுக்கினார்கள். எழுதுபவர் வாக்கியத்தை உரக்கப் படித்தார்.

“வௌவால்களும் ஆடுகளும் ஆட்டுக்காரரின் மனைவியுடைய உடலும் ஒரே நோயால் பாதிக்கப்பட்டன.”

கைதட்டல் எழுந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் முத்திரை குத்தி, ஈரம் காய ஊதி, தாளை இரண்டு கையாலும் ஆட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஒற்றுமைன்னா இதுதான். உங்க மனைவியை இந்த ஆணையம் என்னைக்கும் மறக்காது. நீங்க இதக் காட்டினா அந்த அலமாரியத் திறந்துடுவாங்க.”

ஆட்டுக்காரர் தாளை வாங்கினார். கிழித்து எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கை வரவில்லை. போனில் கேட்ட இருமல் காதிலேயே நின்றது.

“சார், என் கொழுந்தியாளுக்கும் நேத்துலேர்ந்து உடம்பு கொதிக்குது. அக்காவ அவதான் பாத்துக்கிட்டா. பால் வாங்கின வீட்டுலயும் ரெண்டு பேருக்குக் காய்ச்சல்னு சொல்றாங்க. இந்தத் தாளக் காட்டினா அவங்களுக்கும் அந்த மருந்தக் குடுப்பாங்கல்ல?”

தலைவர் புலவரைப் பார்த்தார். புலவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

“அவங்கல்லாம் உயிரோடதான இருக்காங்க?”

“இருக்காங்க சார்.”

“அப்ப கொஞ்சம் சிக்கல்தான்” என்றார் தலைவர்.